மூன்று நாள் திறக்காத கதவு

மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல் துறை

'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். தொல்லை இல்லாத வீடு இல்லை என்பது அதன் பொருள். வாசற்படியே தொல்லையாகிவிட்ட ஒரு வீட்டைப் பற்றி நான் இங்கே எழுதப் போகிறேன். அந்த வீட்டுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அது ஒரு கணிப்பொறிக்குள் குடியிருந்த இன்னொரு கணிப்பொறி.

கணிப்பொறித் துறை மாணவியின் கட்டுரை என்று கண்டதும் பக்கத்தைப் புரட்ட எண்ணும் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். இதில் பாதிதான் பொறியின் கதை. மீதிப் பாதி, வாயை அடக்கத் தெரியாத ஒருத்தியின் கதை.

எங்கள் துறை நூலகத்தில் எந்த நூல் யாரிடம் இருக்கிறது என்று அறிய ஒரு பெரிய பேரேட்டைப் புரட்ட வேண்டும். அந்தப் பேரேட்டைக் கணிப்பொறிப் பக்கமாக மாற்றுவதை நானும் என் தோழி ஒருத்தியும் இறுதியாண்டுத் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டோம். நிரல் எழுதுவது அவள் பொறுப்பு. அந்த நிரலை ஆய்வுக்கூடப் பொறியில் ஏற்றி, எல்லாரும் பார்க்கும்படி ஓட வைப்பது என் பொறுப்பு. 2025 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மதிப்பாய்வு. தேர்வாளர் தம் மேசையிலிருக்கும் கணிப்பொறியிலிருந்தே எங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பார் என்று துறையில் அறிவித்திருந்தார்கள்.

ஆய்வுக்கூடக் கணிப்பொறிகளில் இருப்பது விண்டோஸ். நாங்கள் நிரலை ஓட்ட விரும்பியதோ லினக்ஸில். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றுகிறோம் என்று கேட்டால் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் எங்களையே வெளியேற்றிவிடுவார். இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. ஒரு பொறிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு பொறியைப் படைத்துவிடலாம். இதனை மெய்நிகர் பொறி என்பார்கள். இது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் தங்கள் பெரும் கணிப்பொறிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 1972-இல் வி.எம்.370 என்ற பெயரில் முறைப்படியே அறிவித்தார்கள். ஓர் அறையை அடைத்து நின்ற பொறிக்கு அன்று வாய்த்த வித்தை, இன்று நம் மேசைப் பொறிக்கும் வாய்த்திருக்கிறது. நான் பயன்படுத்திய வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருள் 2007-இல் வெளிவந்தது. அதற்குள் உபுண்டு லினக்ஸை ஏற்றினேன். இனி மேசைமேல் இருக்கும் உண்மையான பொறியை வெளிப்பொறி என்றும், அதற்குள் இருக்கும் மாயப் பொறியை உட்பொறி என்றும் அழைக்கிறேன்.

இனிமேல்தான் கதவு வருகிறது. இதை விளக்க நம் மகளிர் விடுதியைத் துணைக்கு அழைக்கிறேன். விடுதிக்கு ஊரறிந்த முகவரி ஒன்றே ஒன்று. உள்ளே அறைகள் பல. வாயிலில் காவலர் இருக்கிறார். உள்ளிருந்து ஒருத்தி வெளியே கடிதம் அனுப்பினால் காவலர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, விடுதி முகவரியிட்டு அனுப்புவார். பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரியவளிடம் சேர்ப்பார். ஆனால் முன்பின் தொடர்பில்லாத ஒருவர் திடீரென்று வாயிலில் வந்து நின்றால், அவரை எந்த அறைக்கு அனுப்புவது என்று காவலருக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார்.

இணையத்தில் இந்தக் காவலருக்கு 'நாட்' என்று பெயர். அதாவது முகவரி மாற்றும் முறை. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகத்துக் கணிப்பொறிகளுக்கெல்லாம் அவை போதா என்பதை முன்னறிந்து, 1994-இல் இந்த முறையை விளக்கும் ஆவணம் ஒன்றை வெளியிட்டார்கள். 10 என்று தொடங்கும் முகவரிகளையும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளையும் உள் வலைகளுக்கென ஒதுக்கி வைத்தார்கள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த முகவரிகள் தீர்ந்தே போயின. இருந்தும் இணையம் நின்றுவிடவில்லை என்றால், இந்தக் காவலருக்கும் அதில் பங்குண்டு. வர்ச்சுவல்பாக்ஸும் தன் உட்பொறிக்கு இப்படியொரு காவலரை நிறுத்தி வைக்கிறது. எனவே உட்பொறியிலிருந்து வெளியே செல்வது எளிது. வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் அரிது.

உள்ளே வர விரும்புவோருக்காகக் காவலரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கணிப்பொறி முகவரியிலும் 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் உண்டு. இவற்றைப் போர்ட் என்கிறோம். "வெளிப்பொறியின் 8080-ஆம் போர்ட்டுக்கு யார் வந்தாலும் உட்பொறியின் 5000-ஆம் போர்ட்டுக்கு அனுப்பிவிடு" என்று எழுதிக் கொடுப்பதே போர்ட் ஃபார்வர்டிங். தோழியின் நிரல் பைத்தானில், ஃபிளாஸ்க் என்னும் கருவியைக் கொண்டு எழுதப்பட்டது. அது 5000-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். நான் சீட்டை எழுதினேன். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வெளிப்பொறியின் பிரௌசரில் 8080 என்று தட்டினேன்.

பக்கம் வரவில்லை. இணைப்பு அறுபட்டது என்றொரு செய்திதான் வந்தது.

உட்பொறியின் முகவரி 10.0.2.15. அதற்குப் பிங் செய்து பார்த்தேன். பதில் இல்லை. 'ஆகா, வலையே இல்லை' என்று முடிவு கட்டினேன். இது என் முதல் அறியாமை. விடுதிக்குள் இருக்கும் அறை எண்ணை மட்டும் உறையில் எழுதித் தெருத் தபால் பெட்டியில் போட்டால் கடிதம் போய்ச் சேருமா? நாட் முறையில் வெளிப்பொறிக்கு அந்த முகவரிக்கான வழியே தெரியாது. எல்லாம் சரியாக இருக்கும்போதும் அந்தப் பிங் போய்ச் சேராது. நோயாளிக்குச் சுரம் இருக்கிறதா என்று கதவைத் தொட்டுப் பார்த்த கதைதான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் செய்த திருவிளையாடல்களை எண்ணினால் எனக்கே சிரிப்பு வருகிறது. உட்பொறியின் ஃபயர்வாலை நிறுத்தினேன். உபுண்டுவில் அது முதலிலிருந்தே நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சீட்டில் 5000 என்றிருந்ததை 8080 ஆக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னதாக நினைவு. வலை முறையை மாற்றினேன், பிறகு பழையபடி வைத்தேன். பொறுமையிழந்து உட்பொறியில் லினக்ஸை அழித்து, இரண்டு மணி நேரம் செலவிட்டு மீண்டும் ஏற்றினேன். புதிய வீட்டிலும் பழைய வாசற்படி. அதே செய்தி.

மாலையில் தோழி வந்தாள். "என்னடி, ஆச்சா?" என்று கேட்டாள். அந்த இரண்டு சொல்லில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு நாள் தோல்வி என் நெஞ்சில் புளித்துக் கிடந்தது. "உன் நிரல்தான் ஓட்டை. வீட்டில் ஓடுகிறது, ஓடுகிறது என்கிறாயே, ஒரு நாளாவது எனக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறாயா?" என்று கத்திவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் பத்துப் பேராவது இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்ல நல்லாத்தான்டி ஓடுது" என்று மெல்லச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிரவு அவளுக்கு இரண்டு முறை தொலைபேசினேன். எடுக்கவில்லை. மதிப்பெண் போய்விடுமோ என்ற கவலையைவிட, முதலாண்டில் இருந்து ஒரே பலகையில் அமர்ந்தவளை இழந்துவிடுவேனோ என்ற கவலை பெரிதாயிற்று.

சனிக்கிழமை அரை நாள்தான் ஆய்வுக்கூடம். ஆய்வுக்கூட உதவியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மூணு நாளா இதே மேசையில உட்கார்ந்திருக்க? சாரைக் கூப்பிட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போயே விட்டார்.

விரிவுரையாளர் வந்தார். விசைப்பலகையைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதுவரை என்னென்ன மாற்றினாய்? வரிசையாகச் சொல்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. எதை முதலில் மாற்றினேன், எதைத் திரும்பப் பழையபடி வைத்தேன் என்பது எனக்கே தெரியவில்லை.

"சரி, ஒரு தாளை எடு. பிரௌசரில் தட்டிய செய்தி உன் தோழியின் நிரல் வரைக்கும் எந்த வழியாகப் போகிறது? எழுது" என்றார். எழுதினேன். பிரௌசர், வெளிப்பொறியின் 8080, வர்ச்சுவல்பாக்ஸின் சீட்டு, உட்பொறியின் 10.0.2.15, அங்கே 5000, கடைசியில் நிரல்.

"நீ இதுவரை தெருவிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். இப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு படியாக வெளியே வா. ஒவ்வொரு படியிலும் கேள். பதில் வராத முதல் படியில் நின்றுவிடு" என்றார்.

உட்பொறிக்குள் 'கர்ல்' என்றொரு கட்டளை உண்டு. பிரௌசர் இல்லாமலே ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கும். அதில் 127.0.0.1, போர்ட் 5000 என்று கொடுத்தேன். தோழியின் பக்கம் தலைப்பு முதல் கடைசி வரை திரையில் வந்து விழுந்தது. நிரலில் ஓட்டை இல்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே இந்த ஒரு வரியைத் தட்டியிருந்தால் அவளை அப்படிப் பேசியிருக்க மாட்டேன். மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் எனக்கு வெட்கம்தான் வந்தது.

"இப்போது அதே இடத்தில் இருந்துகொண்டு 10.0.2.15 என்று கேள்" என்றார். கேட்டேன். இணைப்பு மறுக்கப்பட்டது.

"பார்த்தாயா? விண்டோஸ், சீட்டு, வெளிப்பொறியின் ஃபயர்வால் ஆகிய மூவரும் இந்தக் கோளாற்றைப் பொறுத்தவரை விடுதலை. நீ இன்னும் அறையைவிட்டே வெளியே வரவில்லை. அதற்குள் மறுப்பு வந்துவிட்டது" என்றார்.

127.0.0.1 என்பது ஒரு கணிப்பொறி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. அந்த முகவரியில் மட்டும் காத்திருக்கும் நிரல், அதே பொறிக்குள்ளிருந்து வரும் குரலுக்குத்தான் பதில் சொல்லும். காவலர் அனுப்பும் ஆள் 10.0.2.15 என்ற முகவரிக்கு வந்து தட்டுகிறார். அந்தக் கதவில் யாரும் காத்திருக்கவில்லை. எந்த நிரல் எந்தக் கதவில் காத்திருக்கிறது என்று காட்ட 'எஸ்.எஸ்.' என்னும் கட்டளை இருக்கிறது. அதைத் தட்டியதும் 127.0.0.1, 5000 என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிளாஸ்க் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், தான் 127.0.0.1-இல் ஓடுவதாகத் திரையில் ஒரு வரி எழுதுகிறது. மூன்று நாளில் ஐம்பது முறையாவது அந்த வரியைப் பார்த்திருப்பேன். ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

இதில் தோழியின் பிழை என்ன? ஒன்றுமில்லை. அவள் வீட்டில் நிரலும் பிரௌசரும் ஒரே பொறியில் இருந்தன. அங்கே 127.0.0.1 சரியான முகவரி. குடி பெயர்த்துக் கொண்டுவந்தவள் நான். புதிய வீட்டுக்கு ஏற்பக் கதவைத் திறந்து வைக்க வேண்டியவளும் நான்தான்.

எல்லா முகவரியிலும் காத்திரு என்று பொருள்படும் 0.0.0.0 என்பதை நிரல் தொடங்கும் வரியில் கொடுத்தேன். உட்பொறிக்குள் 10.0.2.15 பதில் சொன்னது. துள்ளிக் குதித்து வெளிப்பொறியின் பிரௌசருக்குப் போனேன். மீண்டும் அறுபட்டது! "தாளைப் பார்" என்றார் விரிவுரையாளர். தாளில் 5000 என்றிருக்கிறது. வர்ச்சுவல்பாக்ஸின் சீட்டிலோ 8080 என்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை என் கையால் நானே செய்த திருத்தம் அது. முதல் நோயைத் தீர்க்கக் கொடுத்த மருந்தே இரண்டாம் நோய். அதைத் திருத்தியதும் பக்கம் திறந்தது.

திங்கட்கிழமை தேர்வாளர் பார்க்கப் போவது வேறு மேசையிலிருந்து அல்லவா? அடுத்த மேசைக்கு ஓடினேன். அங்கே திறக்கவில்லை. இந்த முறை மறுப்பும் இல்லை, அறுபடவும் இல்லை. பிரௌசர் நெடுநேரம் சுழன்றுகொண்டே இருந்தது. சீட்டை இன்னொரு முறை படித்தேன். வெளிப்பொறியின் முகவரி என்ற கட்டத்தில் வியாழக்கிழமையன்று நான் எழுதியிருந்த எண் 127.0.0.1! தோழியின் நிரலில் இருந்த அதே எண். அவளைப் பத்துப் பேர் முன்னிலையில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய நேரத்தில், அதே எண் என் சீட்டிலும் இருந்திருக்கிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். விண்டோஸின் ஃபயர்வாலில் ஆய்வுக்கூட வலைக்கு மட்டும் உதவியாளர் அனுமதி கொடுத்தார். அடுத்த மேசையில் பக்கம் திறந்தது.

விரிவுரையாளர் புறப்படுமுன் ஒன்று சொன்னார். "127.0.0.1 என்பது பகையன்று, காவல். எழுதி முடியாத நிரல் ஊரார் கையில் சிக்கிவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். மதிப்பாய்வு முடிந்ததும் கதவைச் சாத்திவிடு." அப்படியே செய்தேன்.

கதவு திறந்துவிட்டது. தோழி வீட்டுக் கதவு பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து ஏறி அவள் ஊருக்குப் போனேன். தாளையும் எடுத்துச் சென்றேன். வாசலில் நின்றபடியே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் சீட்டிலும் அதே எண் இருந்ததைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி விடுடி. அடுத்த தடவை கத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளு" என்றாள். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று அவள் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை தேர்வாளர் தம் மேசையிலிருந்தே பக்கத்தைத் திறந்தார். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதற்கு முன், ஆய்வுக்கூடத்தில் கூடியிருந்தவர்களிடம் பிழை யாருடையது என்பதைச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை இருந்தவர்களில் சிலர் அன்று வரவில்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அடுத்த ஆண்டு இதே மேசையில் அமரப் போகும் தம்பி தங்கையருக்கு நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். உடனே 'மறுக்கப்பட்டது' என்று வந்தால், நீங்கள் தட்டிய முகவரியில் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டு பிறகு அறுபட்டால், காவலர் வரை போயிற்று, உள்ளே ஆளில்லை என்று கொள்ளுங்கள். பதிலே இன்றிச் சுழன்றால், நடுவில் எதுவோ ஓசையின்றி விழுங்குகிறது. முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். மூன்றும் தோல்விதான் என்றாலும் மூன்றும் ஒன்றல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள். பயன் தராத மாற்றத்தைப் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள்.

'என்னிடத்தில் ஓடுகிறது' என்று ஒருவர் சொன்னால் அவரைப் பொய்யர் என்று எண்ணாதீர்கள். அவரிடத்தில் அது ஓடத்தான் செய்யும். உங்கள் இடம் எதில் வேறுபடுகிறது என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள்.

துறை நூலகத்துப் பேரேடு இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தை நிலையாக ஓடும்படி முறையான வழங்கியில் ஏற்றும் பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது. நிரலோடு அந்தத் தாளையும் துறையில் கொடுத்துவிட்டுப் போகிறோம்.